கொழுவிக்குப் பிணையாக ஒரு சில்லு

மன்னார் நகரத்தில், மூர்வீதிக்குப் பின்னால் வெல்டிங் கடை வைத்திருக்கும் நவ்ஷாத்திடம் எதையும் வாடகைக்கு எடுப்பது எளிதல்ல. காரின் பின்பக்கத்தில் மாட்டி, இரண்டு சைக்கிள்களைத் தொங்கவிட்டுக் கொண்டுபோகிற இரும்புச் சட்டம் ஒன்று அவரிடம் இருக்கிறது. வருகிறவர்கள் அதை ராக் என்பார்கள். அவர் அதற்குச் சைக்கிள் கொழுவி என்று பெயர் வைத்திருக்கிறார். தீவைச் சைக்கிளில் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதல் நாளே தலைமன்னார் வீதியில் எதிர்காற்றில் மிதித்துக் களைத்துப்போய், மறுநாள் காலையில் அவரைத் தேடி வருவார்கள். சைக்கிளைக் காரில் மாட்டித் தீவின் அந்த முனைக்குக் கொண்டுபோய், அங்கே கடற்கரை ஒழுங்கைகளில் ஓடிவிட்டுத் திரும்பலாம். மன்னாரில் வேறு யாரிடமும் அப்படி ஒரு பொருள் இல்லை.

எளிதல்ல என்றதற்குக் காரணம் பிணை. அடையாள அட்டையை அவர் வாங்குவதில்லை. தொலைந்துவிட்டதென்று சொல்லிப் புதிதாக ஒன்றை எவரும் எடுத்துக்கொள்ளலாம். காசையும் பிணையாக வாங்குவதில்லை. காசைக் கொடுத்தவன் பொருளையே வாங்கிவிட்டதாக நினைத்துக்கொள்வான் என்பது அவர் எண்ணம். அவர் கேட்பது காரின் ஸ்பெயார் சில்லை, அதாவது மாற்றுச் சக்கரத்தை. அதைக் கழற்றிக் கடைக்குள் சங்கிலி போட்டுப் பூட்டிய பிறகுதான் கொழுவி வெளியே வரும். சில்லு இல்லாத கார்க்காரன் தூரமாக ஓடமாட்டான். ஒருவரை நம்புவதைவிட, அவர் ஓடமுடியாதபடி செய்வது நவ்ஷாத்துக்கு நிம்மதி. இதை ஞானம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இதுவரை அவருடைய கொழுவி காணாமற்போனதில்லை.

அந்தக் கொழுவியும் அவர் செய்த நகல்தான். போருக்குப் பின் தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலைபார்த்த வெள்ளைக்காரர் ஒருவர், உடைந்த கொழுக்கியை ஒட்டித் தரச்சொல்லி அசலைக் கொடுத்துவிட்டுப் போனவர், திரும்பி வரவேயில்லை. என்றைக்காவது வந்து திருட்டுப் பழி சொல்வார் என்று நவ்ஷாத் அதைச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார். அதைப் பார்த்து இரும்புக் குழாயில் இன்னொன்றைச் செய்து, காரில் கீறல் விழாமல் பழைய டியூபை வெட்டிச் சுற்றி, அதைத்தான் வாடகைக்கு விடுகிறார்.

சந்தேகம் அவருடன் பிறந்ததல்ல. எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவர் சிறுவன். படகில் கற்பிட்டிக்குப் போய், புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே தொழில் பழகி, அங்கேயே அஸீபாவைக் கலியாணம் செய்தார். முகாமில் அதிகாரிகள் வந்து, “எப்ப திரும்பிப் போறீங்க?” என்று கேட்டார்கள். போர் முடிந்து மன்னாருக்குத் திரும்பி வந்ததும் வேறு அதிகாரிகள், “ஏன் வந்தனீங்க?” என்று கேட்டார்கள். ஈஸ்டர் குண்டுகளுக்குப் பின் சிவில் உடுப்பில் இரண்டு பேர் கடைக்கு வந்து, கடையில் ஏன் இத்தனை காஸ் சிலிண்டர் என்று கேட்டார்கள். “வெல்டிங் கடையில வேற என்ன இருக்கும்?” என்றார் நவ்ஷாத். கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லும் பழக்கம் அப்படித்தான் வந்து, பிறகு வீட்டுக்குள்ளும் தங்கிவிட்டது. சாப்பிட்டாச்சா என்று அஸீபா கேட்டால், “ஏன், ஆர் என்ன சொன்னது?” என்பார்.

விசாரம் என்ற சொல்லுக்கு ஆராய்தல் என்றும் பொருள் உண்டு, கவலை என்றும் பொருள் உண்டு. நவ்ஷாத்தின் வாழ்க்கையில் அந்த இரண்டு பொருளும் தனித்தனியாக வந்ததில்லை.

அந்த ஆடி மாதத்தில் அவருடைய கவலையெல்லாம் ஒரே மகள் ஷிஹானாவைப் பற்றியது. நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். முந்தின வருடம் சிலாவத்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எல்லாம் சரி என்றார்கள். பிறகு, “விசாரிச்சுப் பாத்தம், சரிவராது போல” என்று தொலைபேசியில் சொல்லி வைத்துவிட்டார்கள். யாரிடம் விசாரித்தார்கள், என்ன குறை கண்டார்கள் என்று எவரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர், சொந்த மச்சான் என்று நவ்ஷாத் ஒவ்வொருவராகச் சந்தேகித்து, ஒவ்வொருவருடனும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இப்போது இரண்டாவது சம்பந்தம். மாப்பிள்ளை ஷிராஸ், புத்தளம் தில்லையடியில் குடும்பம், தலைமன்னாரில் சாப்பாட்டுக் கடை. அவனுடைய பெரிய மாமாதான் பேசுகிறார். “நாங்க ஆறுதலா விசாரிச்சுப்போட்டுச் சொல்றம்” என்று அவர் சொன்ன நாளிலிருந்து நவ்ஷாத்துக்குத் தூக்கம் சரியில்லை. இதுவும் அதேபோல் காரணம் சொல்லாமல் முறிந்தால், மூன்றாவதாக ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவர் நம்பினார்.

இந்த நிலையில்தான் தனஞ்சயனும் சுபத்திராவும் கொழுவி கேட்டு வந்தார்கள்.

கிளிநொச்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த இளம் தம்பதி. கெஸ்ட் ஹவுஸில் எடுத்த இரண்டு சைக்கிள்களை ஒரு ஓட்டோவில் ஏற்றிக் கடைக்கு அனுப்பிவிட்டு, தங்கள் சிறிய காரைக் கடை வாசலில் நிறுத்தினார்கள்.

“நவ்ஷாத் அண்ணையோ? உங்களைப் பற்றி நல்லா விசாரிச்சுப்போட்டுத்தான் வந்தனாங்கள்” என்றான் தனஞ்சயன், சிரித்துக்கொண்டே.

நவ்ஷாத் கையிலிருந்த கிரைண்டரை நிறுத்தினார். “என்ன விசாரிச்சனீங்க?”

“உங்கட ராக் காரில கீறல் போடாதோ எண்டு.”

“வேற?”

“வேறென்ன விசாரிக்க இருக்கு?”

எதையாவது மறைக்கிறவன் சொல்லும் பதில் சரியாக இதுதான் என்று நவ்ஷாத்துக்குப் பட்டது. அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். “கிளிநொச்சியில என்ன வேலை?”

“நான் பாங்கில. இவ பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறா.”

“பாங்கில வேலை செய்யிற ஆள் எதுக்கு மன்னாருக்கு வந்து சைக்கிள் ஓடணும்? கிளிநொச்சியில றோட்டு இல்லையா?”

“றோட்டு இருக்கண்ணை. கடல்தான் இல்லை.”

வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. வெயிலில் நின்ற சுபத்திராவைப் பார்த்து அஸீபா உள்ளே கூப்பிட்டாள். அன்று ஷிஹானாவுக்கு விடுமுறை. அவளும் வீட்டில் இருந்தாள். கொழுவியின் பட்டிகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த நவ்ஷாத்தின் காதில் உள்ளேயிருந்து வார்த்தைகள் துண்டு துண்டாக விழுந்தன. எத்தனை பிள்ளைகள் என்று சுபத்திரா கேட்டாள். சொந்த ஊர் எது, எங்கே படித்தாள், வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். தமிழ் பேசுகிற எந்தப் பெண்ணும் எந்த வீட்டிலும் கேட்கிற கேள்விகள்தான். ஆனால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்பதும், சிவில் உடுப்பில் வருகிறவர்கள் கேட்பதும் அதே கேள்விகள். இவற்றை வேறுபடுத்திப் பார்க்க நவ்ஷாத்துக்கு ஒரு காலத்தில் முடிந்திருக்கலாம். பிறகு குரல்கள் தாழ்ந்தன. அவர் பட்டியை விட்டுவிட்டு வாசலுக்குப் போனபோது ஷிஹானாவும் சுபத்திராவும் கைபேசிகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடித்திருந்தார்கள். அவரைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஸ்பெயார் சில்லைக் கழற்றும்போது தனஞ்சயன் தயங்கினான்.

“அண்ணை, வழியில காத்துப் போனால் என்ன செய்யிறது?”

“போகாது.”

“போனால்?”

“போனா எனக்குக் கோல் அடியுங்க. கொண்டுவந்து தாறன்.”

“நீங்கள் கொண்டுவாற நேரத்தில நான் சைக்கிளிலயே கிளிநொச்சிக்குப் போயிடுவன்.”

“கொழுவிய வச்சிட்டுப் போங்க” என்றார் நவ்ஷாத்.

கார் போனதும் அவர் அஸீபாவிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார். “இவங்க மாப்பிள்ளை வீட்டு ஆக்கள்.”

அஸீபா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “உங்களுக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு? அவங்க தமிழாக்கள். புத்தளத்தாருக்கு விசாரிச்சுக் குடுக்கக் கிளிநொச்சியில இருந்தா வருவாங்க?”

“அதுதான் சொல்றன். முஸ்லிம் ஆள அனுப்பினா நான் பிடிச்சிருவன் எண்டு அவங்களுக்குத் தெரியும்.”

“அப்ப முஸ்லிம் ஆள் வந்திருந்தா?”

“அப்ப நேரடியாவே தெரிஞ்சிருக்கும்.”

அஸீபா தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்தாள். எந்தப் பக்கம் போட்டாலும் தலை விழுகிற நாணயத்தோடு விவாதிக்க முடியாது என்பதை அவள் கலியாணமான புதிதிலேயே கற்றுக்கொண்டவள். சந்தேகத்தையும் ஆராய்ச்சியையும் பிரிப்பது இந்த இடம்தான். ஆராய்கிறவனுக்குத் தன் எண்ணம் பிழையாகிப் போவதற்கு ஒரு வழி திறந்திருக்கும். நவ்ஷாத் அந்த வழியையும் பூட்டிச் சங்கிலி போட்டிருந்தார்.

மதிய லுஹர் தொழுகை முடிந்து வந்து அவர் சாப்பிட உட்கார்ந்தபோது கைபேசி அடித்தது.

“அண்ணை, போகாது எண்டனீங்கள். போட்டுது.”

“எங்க நிக்கிறீங்க?”

“தலைமன்னாரில, பழைய இறங்குதுறைக்குப் போற வழியில. இவ முன்னுக்கிருக்கிற சாப்பாட்டுக் கடையில இருக்கிறா.”

நவ்ஷாத் சோற்றைத் தள்ளிவைத்தார். இறங்குதுறை வழியில் இருக்கும் சாப்பாட்டுக் கடை ஷிராஸுடையது. மாப்பிள்ளையைப் பார்க்கவென்று அவரே மோட்டார் சைக்கிளில் இரண்டு தடவை அந்தப் பக்கம் போயிருக்கிறார். விசாரிக்க வந்ததாக யாரும் நினைக்கக்கூடாதென்று இறங்காமலே திரும்பியும் இருக்கிறார். தீவு முழுவதும் வீதி கிடக்க, காற்று அந்தக் கடைக்கு முன்னால்தான் போகவேண்டுமா? இன்னொரு யோசனையும் வந்தது. சில்லும் அவர்கள் கைக்குப் போய்விட்டால் கொழுவியோடு நேராகக் கிளிநொச்சிக்கு ஓட ஒரு தடையும் இல்லை. இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இரும்புக் குழாயைத் திருடமாட்டார்கள். அது அவரைத் தடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே நம்பிக்கொண்டு சில்லை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டினார்.

தாராபுரம் தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அடித்தது. சில்லின் பாரம் வண்டியை இழுத்தது. பேசாலைக்குக் கிட்ட வீதியில் படுத்திருந்த கழுதைகள் ஹோர்னுக்கு எழும்பவில்லை. அவர் இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டு சுற்றிப் போனார். தெற்குக் கரையில் காற்றாலைகள் வேகமாகச் சுழன்றன. கடற்படைக் காவலரணில் நின்ற இளைஞன் சில்லைக் காட்டி ஏதோ கேட்டான். வழக்கமாக எதிர்க்கேள்வி கேட்கிறவர், அன்றைக்கு “பங்ச்சர், பங்ச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கார் உண்மையிலேயே சரிந்து நின்றது. நவ்ஷாத் குந்தியிருந்து தட்டையான சில்லைத் தடவினார். வால்வை அழுத்திப் பார்த்தார். யாராவது வேண்டுமென்றே காற்றைத் திறந்துவிட்டிருக்கலாம். பிறகு டயரில் ஆணித் தலை ஒன்று தட்டுப்பட்டது. துருப்பிடித்த பழைய படகாணி. வேண்டுமென்று குத்துகிறவன் இப்படியொரு ஆணியைத் தேடிப் பிடிக்கமாட்டான். சற்று ஏமாற்றத்தோடு அவர் எழுந்தார்.

“என்னண்ணை, பிரேதப் பரிசோதனையோ?” என்றான் தனஞ்சயன்.

நவ்ஷாத் அவனிடம் சில்லைக் கொடுத்துவிட்டுக் கடைப்பக்கம் நடந்தார்.

உள்ளே மேசைகளில் சில மீனவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுபத்திரா சுவரோரமாகத் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தாள். அவளுக்கு முன்னால், கதிரையின் முதுகில் கைவைத்தபடி, பெரிய மாமா அனுப்பியிருந்த படத்தில் பார்த்த அதே முகத்தோடு ஷிராஸ் நின்று பேசிக்கொண்டிருந்தான். அவள் ஏதோ கேட்க, அவன் விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நவ்ஷாத்துக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை.

“விசாரிச்சு முடிஞ்சுதா?” என்றார் வாசலில் நின்றபடியே.

சுபத்திரா திடுக்கிட்டு எழுந்தாள். “அண்ணை, நான் சும்மா தேத்தண்ணி குடிக்க...”

“ஒரு தேத்தண்ணிய எவ்வளவு நேரம் குடிப்பீங்க?”

ஷிராஸ் திரும்பினான். “நீங்க ஆர்?”

“நான் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாதா? ஷிஹானாட வாப்பா. என்ர பிள்ளையப் பத்தி ஏதும் தெரியணும் எண்டா என்னட்ட வந்து கேளுங்க. கிளிநொச்சியில இருந்து ஆள் இறக்கத் தேவையில்ல.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. ஷிராஸின் முகம் இருண்டு, பிறகு என்ன செய்வதென்று தெரியாத முகமாக மாறியது. அவன் அடுக்களைப் பக்கம் திரும்பி, “காக்கா, இவருக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டுவாங்க” என்றான். வெயிலிலும் அடுப்பிலும் கறுத்துப்போன வயதான சமையல்காரர் ஒருவர் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அந்த நேரம் சுபத்திரா முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்ததை நவ்ஷாத் கவனித்தார். அகப்பட்டவளின் முகம் என்று முடிவுசெய்தார். தண்ணீரைத் தொடாமல் வெளியேறினார்.

திரும்பும் வழியில், பேசாலைக்கு வரும்போதே, கோபம் இறங்கிவிட்டது. மிஞ்சியது பயம். மாப்பிள்ளையின் கடையில், அவனுடைய வாடிக்கையாளர்களுக்கு முன்னால் சத்தம் போட்டிருக்கிறார். அவர்கள் விசாரிக்க வந்தவர்களா இல்லையா என்பது இனி எதற்கு? பெண்ணின் தகப்பனைப் பற்றி அவனே நேரில் விசாரித்து முடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து, “முடிஞ்சுது” என்றார் அஸீபாவிடம். நடந்ததைச் சொன்னார். அஸீபா வாயில் கைவைத்துக்கொண்டாள். அறைக்குள்ளிருந்து ஷிஹானா வந்தாள்.

“பரவாயில்ல வாப்பா. எனக்கும் இந்தச் சம்பந்தம் வேணாம்.”

“ஏன், ஆர் என்ன சொன்னது?”

“நான்தான் அந்த அக்காவ அனுப்பினன்.”

நவ்ஷாத் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். ஷிஹானா தொடர்ந்தாள்.

“அவர் எப்பிடிப்பட்ட ஆளெண்டு எனக்குத் தெரியணும்தானே? என்னை எல்லாரும் விசாரிப்பாங்க, நான் ஒருத்தரையும் விசாரிக்கக்கூடாதா? மருந்துக் கடையில நிண்டு பாத்திருக்கிறன். எங்களோட இனிக்கக் கதைப்பாங்க, கூட வந்த வேலையாளத் திட்டுவாங்க. அதுதான், போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு, வேலை செய்யிறவங்களோட எப்பிடிக் கதைக்கிறார் எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்க எண்டன்.”

“என்ர வீட்டுக்குள்ளேயே ஒரு சிஐடி” என்றார் நவ்ஷாத்.

“ஆர்ட பிள்ளை?” என்றாள் அஸீபா.

ஷிஹானா கைபேசியை நீட்டினாள். அவர் ஷிராஸின் கடைக்குள் நுழைவதற்குச் சற்று முன் சுபத்திரா அனுப்பிய செய்தி அதில் இருந்தது. ஆள் பார்வைக்கு நல்ல மாதிரி, ஆனால் சமையல் செய்யும் வயதான மனிதரை எல்லோர் முன்னாலும் கேவலமான பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அதுவும் மரியாதையாகப் பேசுவதுபோல் நடித்து. எழுதக் கூசுகிறது. யோசித்துச் செய்யுங்கோ தங்கச்சி.

அவமானமும் கோபமும் இருக்க வேண்டிய இடத்தில் நவ்ஷாத்துக்குத் தன் பழைய குணம்தான் எழுந்தது. “என்ன பேராம்?”

“அத எழுதேல்ல.”

“எழுதாம எப்பிடி? நானும் அங்க நிண்டன். நல்லாத்தான் கதைச்சவன். என்ன சொல்லெண்டு தெரியாம எப்பிடி முடிவெடுக்கிற?”

“எழுதக் கூசுதாம் எண்டா, கூடாத சொல்லாத்தான் இருக்கும்.”

“அது அவட முடிவு. சொல் எங்க?”

நவ்ஷாத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. இது ஒன்றைச் சொல்லலாம். தன் மனம் கட்டிய கதைகளை அவர் உடனே நம்பிவிடுவார். ஆனால் இன்னொருவர் கட்டித்தந்த முடிவை, அதன் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஒருபோதும் ஏற்கமாட்டார்.

வெயில் தணிந்த பிறகு கார் வந்தது. தனஞ்சயன் சிரிக்கவில்லை. கொழுவியின் பட்டிகளைத் தானே அவிழ்க்கத் தொடங்கினான். பைத்தியக்காரனிடமிருந்து சீக்கிரம் தப்பவேண்டும் என்ற அவசரம் அவன் கைகளில் தெரிந்தது. சுபத்திரா காரைவிட்டு இறங்கவேயில்லை. நவ்ஷாத் அவள் இருந்த பக்கத்துக் கார்க் கண்ணாடியருகே போனார்.

“தங்கச்சி, ஒண்டு கேக்கலாமா?”

“அண்ணை, அவ கேட்டதுக்குத்தான் போனனான். உங்களுக்குக் கெடுதல் செய்ய நினைக்கேல்ல.”

“அது தெரியும். அந்தச் சமையல்காரர என்னெண்டு கூப்பிட்டவன்?”

“வேண்டாமண்ணை.”

“சொல்லுங்க. பிள்ளைட வாழ்க்கை.”

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், “காகம் எண்டு” என்றாள்.

“காகமா?” ஷிஹானாவும் வாசலுக்கு வந்துவிட்டாள்.

“அந்த மனிசன் கறுப்புத்தானே. அதைச் சொல்லித்தான் கூப்பிடுறார். அங்க சாப்பிட வந்தவையும் அப்பிடித்தான் கூப்பிடினம். ஒருத்தருக்கும் வெக்கமில்லை. அந்த மனிசனும் பாவம், என்னெண்டு கேட்டுக்கொண்டு ஓடி வருது.”

“காகம் எண்டேதான் சொன்னவனா? அந்தச் சொல்ல அப்பிடியே சொல்லுங்க” என்றார் நவ்ஷாத்.

“காகம் எண்டில்லை... காக்கா எண்டு. காக்கா இங்க வாங்க, காக்கா அதை எடுங்க எண்டு. உங்களுக்கு முன்னாலயும் சொன்னவர்தானே!”

முதலில் அஸீபாவின் சிரிப்புத்தான் வந்தது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷிஹானா முகத்தை மூடிக்கொண்டாள். நவ்ஷாத்தின் வாய் கோணி, பல ஆண்டுகளாகப் பயன்படாத ஏதோ ஒன்று திறப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. சுபத்திராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தனஞ்சயன் ஒரு கையில் பட்டியோடு நின்றான்.

“அக்கா, காக்கா எண்டா எங்களுக்கு அண்ணன்” என்றாள் ஷிஹானா. “வயசுக்கு மூத்த ஆக்கள மரியாதையா அப்பிடித்தான் கூப்பிடுவம்.”

சுபத்திராவின் முகம் சிவந்தது. “ஐயோ! எனக்குத் தெரியாது. நான் வன்னியில பிறந்து வளந்தனான். எங்கட ஊரில முஸ்லிம் ஆக்கள் ஒருத்தரும் இருக்கேல்ல. முந்தி இருந்தவை எண்டு அம்மா சொல்லுவா.”

அவள் பிறந்தது, இவர்கள் போனதற்குப் பிறகு. பக்கத்து வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு பிள்ளை பக்கத்து வீட்டிலிருந்துதான் கற்றுக்கொள்ளும். அந்த வீடு வெறுமையாக இருந்தால் காகம் காகமாகவே இருந்துவிடும். நவ்ஷாத்தின் சிரிப்பு நின்றது. ஆனால் முகம் கடுக்கவில்லை.

“நாங்க போகேக்க சொல்லையும் எடுத்துக்கொண்டு போயிட்டம் போல” என்றார். “இறங்குங்க தங்கச்சி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. இந்தத் தேத்தண்ணிய எவ்வளவு நேரமும் குடிக்கலாம்.”

அவர்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதுதான் கைபேசி அடித்தது. பெரிய மாமாவின் பெயர். நவ்ஷாத் அதை மேசையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அடித்து ஓய்ந்தது. மீண்டும் அடித்தது.

“எடுங்க வாப்பா” என்றாள் ஷிஹானா.

அவர் எடுத்தார். அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டு, குரல் எல்லோருக்கும் கேட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. இண்டைக்குப் பொடியன் கோல் எடுத்தவன்.”

“வஅலைக்குமுஸ்ஸலாம்” என்றார் நவ்ஷாத்.

“நாங்களும் உங்கட பக்கம் விசாரிச்சம். போன கிழமையே முடிஞ்சுது. பிள்ளையப் பத்தியும் தாயப் பத்தியும் ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லேல்ல. தகப்பன் மட்டும் கொஞ்சம் சந்தேகக்காரர் எண்டாங்க. அதுக்காகவே முந்தி ஒரு சம்பந்தம் விட்டுப்போனதாம்.”

இவ்வளவு நாளும் அவர் தேடித் திரிந்த குறை அது. பக்கத்து வீட்டுக்காரரிடமும் மச்சானிடமும் தேடினார். தன்னிடம் மட்டும் தேடவில்லை. அது நெஞ்சில் இறங்குவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

“அதச் சொன்னது ஆர்?”

மறுமுனையில் பெரியவர் சிரித்தார். சிரித்து முடிய நேரம் எடுத்தது. “சரி, சரி. பொடியனுக்கு அதில ஆட்சேபம் இல்ல. வெள்ளிக்கிழமை நாங்க பிள்ளையப் பாக்க வாறம். அவன் ஒண்டே ஒண்டுதான் கேக்கச் சொன்னான். அந்தத் தமிழ்ப் பிள்ளை அவனிட்ட வேலையாக்களப் பத்தி அவ்வளவு கேள்வி கேட்டதாம். அது மகள் அனுப்பின ஆளோ எண்டு அவனுக்கு ஒரு சந்தேகம். மகளும் தகப்பன் மாதிரியோ எண்டு கேட்டுச் சொல்லட்டாம்.”

நவ்ஷாத் மகளைப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிட அவருக்கு வாய் வந்தது. வரன் தேடும் பெண் ஆளனுப்பினாள் என்று ஒப்புக்கொள்வதைவிட அது பாதுகாப்பு. ஷிஹானா எழுந்து வந்து அவர் கையிலிருந்து கைபேசியை எடுத்தாள்.

“மாமா, ஷிஹானா கதைக்கிறன். ஓம், நான்தான் அனுப்பினது. நானும் அப்பிடித்தான் எண்டு அவரிட்டச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வரேக்க அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க. எனக்கு அவரிட்ட நேரடியாக் கேக்க இன்னும் கொஞ்சம் இருக்கு.”